ராஜதுரையின் இடுப்புச் சாவி

அத்தியாயம் 3

செத்துப்போனது ஒரு பியானோதான். ஆனால் ராஜதுரை அதன் பக்கத்தில் நின்ற தோரணையைப் பார்த்தால், பதவியில் இருக்கும்போதே காலமான கலெக்டருக்குக் காவல் நிற்பதுபோல் இருந்தது.

ஆலயத்தின் வடக்கு மூலையில், ஜன்னலுக்கு அடியில், சுவரோடு ஒட்டி நின்றது அந்தப் பெட்டி. மேலே ஊதா நிறப் பட்டுத் துணி. துணியின் மேல் ஓர் அட்டை: ‘விக்டோரியா மகாராணியார் நமது சபைக்கு அன்பளித்த பியானோ. தொடாதீர்கள். இப்படிக்கு, செயலாளர்.’ மகாராணி சின்ன எழுத்தில் இருந்தார். செயலாளர் பெரிய எழுத்தில் இருந்தார்.

“தோத்திரம் ஐயா,” என்றாள் ஜாய்லின்.

ராஜதுரை தலையை மிகச் சிக்கனமாக அசைத்தார். துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவர் உடம்புக்குத்தான் கிடைத்திருந்தது. பேச்சுக்கு இன்னும் உத்தரவு வரவில்லை. “மேற்படி பொருளைப் பார்வையிட வந்தவர்கள் நீங்கள்தானா?”

“மேற்படி ஆட்கள் நாங்கதான்யா.”

ஜாய்லினோடு வந்திருந்த பேச்சிராஜ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் அரை மணி நேரம் அவர் பேசுவதில்லை. சங்கரன்கோவில் ரதவீதியில், தறி சாமான் கடைக்கு மாடியில் ‘பேச்சிராஜ் துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டுவதற்கு முன்னால் அவர் இன்சூரன்ஸ் சர்வேயர். எரிந்த தறி, நனைந்த நூல், கவிழ்ந்த லாரி என்று நாசமானதையே பார்த்துக் காலம் தள்ளியவர். ஒரு சாமான் எப்படி நாசமாயிற்று என்பதை அதன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். நல்ல நிலையில் இருக்கும் சாமானைக் காட்டினால்தான் முழிப்பார். ஜாய்லின் அவருக்கு உதவியாளர், ஸ்கூட்டர் ஓட்டுநர், வாய். சொந்த ஊரான மேலநீலிதநல்லூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கீபோர்டு வாசிப்பவள் என்பதால், இந்தக் கேஸுக்கு மட்டும் இசை நிபுணர்.

கேஸைக் கொடுத்தவர் பாண்டியராஜன். ராஜபாளையம் ரோட்டில் புதுக் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். வாசலுக்கு யானை வைத்தாயிற்று, நீரூற்றும் வைத்தாயிற்று. அடுத்து, வட்டாரத்தில் எந்த மண்டபத்திலும் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஆலயக் கமிட்டி புது சவுண்ட் சிஸ்டம் வாங்குவதற்காகப் பழைய பியானோவை விற்கிறது என்ற செய்தி காதில் விழுந்தது.

“அதுல நாதஸ்வரம் வருமா?” என்று முந்தின நாள் போனில் கேட்டிருந்தார்.

“வராது அண்ணாச்சி,” என்றாள் ஜாய்லின்.

“தவில்?”

“அதுவும் வராது.”

“பொறவு எதுக்கு இம்புட்டுப் பெரிசு?” சற்று நேரம் வருத்தப்பட்டுவிட்டு, காரியத்துக்கு வந்தார். “சரி, ரிப்பேர் பண்ணினா பாடுமா, பாடாதா, அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க. தண்ணி போயிருந்தா எனக்கு வேண்டாம். தண்ணி குடிச்ச மரம் எந்திரிக்காது.”

இங்கே வந்து பார்த்தால், தண்ணீர் போயிருக்கிறது என்று விற்கிறவரே சத்தியம் செய்தார். சாமானை விற்க வந்தவன் அதன் குறையைத் தானே முன்னால் எடுத்து வைப்பதை ஜாய்லின் அதுவரை பார்த்ததில்லை. ராஜதுரைக்கு விற்பனையைவிட விசாரணை பிடிக்கும் என்பது அவளுக்குப் போகப்போகத்தான் விளங்கியது.

“சம்பவம் யாதெனில், ஆலயப் பணியாளர் ஜெயசிங் என்பவர் மழை நாளில் இந்த ஜன்னலை அடைக்கத் தவறியுள்ளார். மழைநீர் உட்புகுந்து பியானோ பழுதடைந்துள்ளது. கட்டைகள் இறங்கினால் எழும்புவதில்லை. இன்று சாயங்காலம் கமிட்டி கூடுகிறது. மேற்படி நபரைப் பணியிலிருந்து நீக்கி, வளாகத்தில் உள்ள வீட்டைக் காலி செய்ய வைப்பதாக முடிவு.”

“ஆலயப் பணியாளர்னா கோயில்குட்டியாரா?” என்றாள் ஜாய்லின். மணியடித்து, பெருக்கி, பாய் விரித்து, விளக்கணைத்துப் போகிறவரைத் தெற்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

“அவரே. விசாரணை முடியும்வரை மணி அடிக்கக்கூடாது என்று மெமோவும் கொடுத்திருக்கிறேன்.”

“அப்போ மணியை யாருய்யா அடிக்கா?”

“நிர்வாகம் பொறுப்பேற்று நடத்துகிறது,” என்றார் ராஜதுரை. நிர்வாகத்தின் இரண்டு உள்ளங்கைகளிலும் கயிறு உரசிக் கொப்புளம் கட்டியிருந்ததை ஜாய்லின் பார்த்தாள்.

கோயில்குட்டியார் ஜெயசிங் வாசல் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். ஐம்பதைத் தாண்டிய, கன்னம் ஒட்டிய மனிதர். உள்ளே வரச் சொல்லவும் இல்லை, வெளியே போகச் சொல்லவும் இல்லை என்பதால் நடுவில் நின்றார்.

“வார ஞாயித்துக்கிழமை எம் மகளுக்கு முதல் ஓலை வாசிக்காங்கம்மா,” என்றார் ஜாய்லினிடம், மெதுவாக. சபையில் மூன்று வாரம் கல்யாண ஓலை வாசித்தால்தான் தாலி. “மாப்ளை வீடு கரிவலம்வந்தநல்லூரு. இன்னைக்கு வீட்டைக் காலி பண்ணச் சொன்னா, ஞாயித்துக்கிழமை அவங்க எந்த வீட்டுக்கு வருவாங்க?”

“உபயதாரர் தரப்பு பேச வேண்டியதைக் கமிட்டியில் பேசலாம்,” என்றார் ராஜதுரை. ஜெயசிங் என்ன காணிக்கை கொடுத்து உபயதாரர் ஆனார் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு ராஜதுரை இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனார். வெள்ளை வேட்டிக்கு மேல் அகலமான பச்சை பெல்ட். பெல்ட்டில் ஒரு வளையம். வளையத்தில் ஒரே ஒரு பித்தளைச் சாவி. அதைக் கழற்றுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் பேச்சிராஜ் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். சாவி திரும்பியது. மூடி எழுந்தது. உள்ளே கட்டைகள், பீடி குடிப்பவனின் பல்வரிசைபோல மஞ்சளாக, சில மேலே, சில கீழே.

ஜாய்லின் நடுவில் ஒன்றை அழுத்தினாள். கட்டை இறங்கியது. சுருதி வரவில்லை. சரசர என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பக்கத்துக் கட்டை பாதியில் சிக்கியது. அதற்கடுத்தது, ஒரே ஒரு சுருதியைக் கொடுத்தது. துல்லியமான சுருதி. வீடு இடிந்து கிடக்கும்போது உள்ளேயிருந்து யாரோ ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொன்னதுபோல் இருந்தது.

“மேலே இதைப் பாருங்கள்,” என்றார் ராஜதுரை, பட்டுத் துணியை விலக்கி. மேல்பலகையில் வெள்ளையாக ஒரு கறை. “நீர்ச்சேதத்துக்கு நேரடி ஆதாரம்.”

பேச்சிராஜ் குனிந்து பார்த்தார். பிறகு அன்றைக்கு முதன்முதலாக வாயைத் திறந்தார்.

“மழை வட்டமாவா பெஞ்சுது?”

கறை வட்டமாகத்தான் இருந்தது. காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி.

“அது பூஜாடி வச்ச தடம்யா,” என்றாள் ஜாய்லின். “பண்டிகைக்குப் பூ வச்சிருப்பாங்க. தொடாதீங்கன்னு எழுதியிருக்கதால யாரும் தொடைக்கலை.”

பேச்சிராஜ் டார்ச்சை எடுத்துப் பெட்டியின் மேல்வாய் வழியாக உள்ளே அடித்தார். “எட்டிப் பாரு மக்கா. கம்பி எப்படி இருக்கு?”

ஜாய்லின் எட்டிப் பார்த்தாள். கம்பிகளில் தூசி, வயசுக்கேற்ற துரு. கம்பி சுற்றிய ஆணிகளில் ஒன்றிரண்டைப் பிடித்துத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. மரம் நனைந்திருந்தால் ஆணி பிடி விட்டிருக்கும். பின்பலகையில் விரிசல் இல்லை. ஆனால் கம்பியை அடிக்கும் சுத்தியல்களைப் பார்த்ததும் விசிலடித்தாள். தலையில் கம்பளி சுற்றியிருக்க வேண்டிய சுத்தியல்கள், மொட்டை போட்டு வந்த பக்தர்கள்போல வரிசையாக நின்றன.

“அப்புறம் ஒண்ணு அண்ணாச்சி. இரும்புச் சட்டத்துல ஏதோ பொருட்காட்சியில பரிசு வாங்கினதா வார்த்திருக்கான். வருசம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு.”

“அதனால் என்ன?” என்றார் ராஜதுரை.

“ஒண்ணுமில்லய்யா. அதுக்குள்ள ராணி செத்து ஏழு வருசம் ஆச்சு. அதுக்குப் பொறவும் நம்ம சபையை மறக்காம அனுப்பிருக்காங்க. பெரிய மனசு.”

ராஜதுரை அட்டையைப் பார்த்தார். துணியை மடித்துவைக்கிறவர்போல அதையும் சேர்த்து மடித்தார்.

ஜாய்லின் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, சிக்கிய கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே விட்டு நெம்பினாள். ஏதோ வெளியே துள்ளி விழுந்தது. இன்னொன்று. உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் காட்டினாள். அரிசி.

மறுபடி நெம்பினாள். மறுபடி அரிசி. கொஞ்ச நேரத்தில் கை நிறைய இருந்தது. அதைப் பட்டுத் துணியின் மேல் பரப்பினார்கள். பேச்சிராஜ் ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக ஒதுக்கினார்.

“நனையலை,” என்றார். “தண்ணி பட்ட அரிசி கட்டி பிடிச்சிருக்கும், பூசணம் பூத்திருக்கும். இது நேத்துக் குத்தின மாதிரி இருக்கு. வேற என்ன தெரியுது?”

ஜாய்லின் குனிந்தாள். “இது புழுங்கல். இது பச்சரிசி. குண்டா இருக்கது ரேஷன். சன்னமா நீளமா இருக்கது பிரியாணி அரிசி. இதோ, சிவப்புகூட ஒண்ணு கெடக்கு. யாரு வீட்லயோ சுகர்.” நிமிர்ந்தாள். “அண்ணாச்சி, ஒரு வீட்ல ஒரு அரிசிதான் இருக்கும். மிஞ்சினா ரெண்டு. இது வீட்டு அரிசி இல்ல. ஊர் அரிசி.”

“ஊர் அரிசி எங்க சேரும்?”

அவள் பதில் சொல்வதற்குள் ராஜதுரை சொல்லிவிட்டார். “பிடி அரிசி.”

சபையில் எந்த வீட்டில் உலை வைத்தாலும், பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைக் கடவுளுக்கென்று தனிப் பாத்திரத்தில் போடுவார்கள். மாதம் ஒருமுறை பெண்கள் சங்கம் வீடு வீடாகப் போய் அதை வாங்கி, ஆலயத்தில் ஒன்றாகக் கொட்டும். பணக்கார அரிசியும் ஏழை அரிசியும் அடையாளம் தெரியாமல் கலக்கிற இடம் அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான்.

ராஜதுரையின் முகம் மலர்ந்தது. ஒரு குற்றத்தைத் தேடிப்போய் இரண்டு குற்றம் கிடைத்த அதிகாரியின் மலர்ச்சி.

“தெளிவாகிவிட்டது. காணிக்கை அரிசியைக் களவாடி, பியானோவுக்குள் பதுக்கியிருக்கிறார். பெருக்குகிற சாக்கில் தினம் இங்கே வருகிறவர் இவர் ஒருவர்தான். அலட்சியம் என்று நினைத்தேன். இது திருட்டு.”

 தூணுக்குப் பக்கத்தில் நின்ற ஜெயசிங் திரும்பி நடந்தார்.

“நல்லாயிருக்கு அண்ணாச்சி,” என்றாள் ஜாய்லின் தணிந்த குரலில். “பியானோ பாக்க வந்தோம். ஒரு மனுசனை ஜெயிலுக்கு அனுப்பிட்டுப் போறோம். ரிப்போர்ட்ல எந்தத் தலைப்புல போடணும்?”

“வா,” என்றார் பேச்சிராஜ். “அவரு வீட்டுக்குப் போவோம்.”

*

வளாகத்தின் பின்மூலையில் இரண்டு அறை வீடு. வாசலில் வெள்ளையடிக்க வாளியில் சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தது. ஒரு சுவர் அடித்தாகிவிட்டது. இரண்டாவது சுவரில் மட்டை பாதியில் நின்றிருந்தது.

உள்ளே ஜெயசிங்கின் மகள் அனு, சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா சொல்லிவிட்டார் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். மூலையிலிருந்த அரிசி வாளியை இழுத்துவந்து அவர்கள் முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள்.

“பாருங்க. அதுக்குத்தான வந்திருக்கீங்க.”

ரேஷன் அரிசி. ஒரே அரிசி.

“பிரியாணி அரிசி திருடிவச்சிருந்தா நான் ஏன் இதுல உக்காந்து புழு பொறுக்கப் போறேன்?” என்றாள். “கேக்கதுக்கு முந்தி ஒரு நிமிசம் யோசிச்சிருக்கலாம்லா, அந்த ஐயா.”

“யோசிக்கதுக்குத் தனியா மெமோ வரணும்லா,” என்றாள் ஜாய்லின். அனுவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவள் அதை உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

பேச்சிராஜ் வாளியை மூடினார். “ஜெயசிங், அந்தப் பெட்டியை நீரு எப்பவாவது தொறந்திருக்கீரா?”

“சாவி ஐயாகிட்டல்லா இருக்கு. எங்கையில தொடப்பம்தான் இருக்கு.” ஜெயசிங் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். “ஆனா சத்தம் கேட்டேன். போன மாசத்துல இருந்தே கேக்கேன். விளக்கணைக்கப் போகும்போது பெட்டி தானா பாடும். டிங்குன்னு ஒண்ணு. கொஞ்சம் கழிச்சு டொங்குன்னு ஒண்ணு. ஐயாகிட்ட போய், பெட்டிக்குள்ள என்னவோ ஓடுது, தொறந்து பாருங்கன்னு சொன்னேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“குடிச்சிட்டு வேலைக்கு வந்ததா மெமோ குடுத்தாரு.”

“நீரு குடிப்பீரா?”

“டீகூடக் குடிக்க மாட்டேன். நெஞ்சு கரிக்கும்.”

பேச்சிராஜ் பாதி வெளுத்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பிடி அரிசியை யாரு கொண்டுவந்து வைப்பா?”

“சங்கத் தலைவியம்மா. சுந்தரபாய் அம்மா. ஐயா வீட்டம்மாதான்.” சொல்லிவிட்டு ஜெயசிங் அவசரமாகச் சேர்த்தார்: “நல்ல அம்மா. எம் பொண்டாட்டி இறந்தப்போ ஒரு மாசம் எங்களுக்குச் சோறு குடுத்துவிட்டாங்க. அவங்களைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை.”

“நாங்களும் ஒண்ணும் சொல்லலை,” என்றார் பேச்சிராஜ். “எங்களோட வாரும். அனு, நீ அந்தச் சுவரை அடிச்சு முடி. சுண்ணாம்பு காஞ்சிரும்.”

*

அவர்கள் திரும்பி வந்தபோது, பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலும், ஸ்டூலின் மேல் டீயும் முறுக்கும் வந்திருந்தன. கொண்டுவந்தவர் சுந்தரபாய். தடித்த உடம்பு, தடித்த கண்ணாடி, கருஞ்சிவப்பில் பெண்கள் சங்கத்துச் சேலை. அன்றைக்குச் சங்கக் கூட்டம் என்று சொன்னார்.

வரும் வழியில் சங்க அறைக் கதவு திறந்திருந்தது. ஜாய்லின் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். உள்ளே மேஜைமேல் ஒரு வெள்ளிக் கேடயம் இருந்தது. ‘அதிகப் பிடி அரிசி சேர்த்த சங்கம்’ என்று பொறித்திருந்தது. அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படித் துலக்கியிருந்தார்கள். சுவரில் சுந்தரபாய் அதை வாங்குகிற படம். பக்கத்தில், ராஜதுரை அந்தப் படத்தைப் பார்க்கிற படம்.

“முறுக்கு எடுத்துக்கோங்க,” என்றார் சுந்தரபாய். “பியானோவை வாங்குதீங்களா?”

“கீழ்க்கதவைத் தொறந்து பாத்துட்டுச் சொல்லுதேன்,” என்றார் பேச்சிராஜ்.

பியானோவின் அடியில், காலால் மிதிக்கும் கட்டைகளுக்கு மேலே, முழங்கால் உயரத்துக்கு ஒரு கதவு. ஏதோ ஒரு காலத்தில் பிள்ளைகள் கை விடாமல் இருக்க ஆசாரியை வைத்து அதற்கும் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

“அதைத் திறக்க அவசியமில்லை,” என்றார் ராஜதுரை.

“உள்ளே பாக்காம வாங்கினா பாண்டியராஜன் என்னையும் சேத்து மண்டப வாசல்ல நிறுத்திருவாரு. யானைக்குப் பக்கத்துல.”

ராஜதுரை பெல்ட்டிலிருந்து மறுபடி அதே சாவியை எடுத்தார். அதே சாவிதான் கீழ்ப்பூட்டுக்கும். கதவு திறந்தது. வாடை முதலில் வந்தது.

உள்ளே ஒரு குடும்பம் வாழ்ந்திருந்தது. சுத்தியல் தலைகளின் கம்பளியைப் பிய்த்து வந்து மெத்தை போட்டிருந்தார்கள். மெத்தைக்குப் பக்கத்தில் சமையல்கட்டு: வாய் கட்டிய ஒரு துணிப்பை. பையில் ஓட்டை. ஓட்டையிலிருந்து வழிந்த உமியும் குருணையும் கலந்த குவியல். அரிசி எப்படி மாடிக்குப் போய்க் கட்டைகளுக்கு அடியில் சேர்ந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மிச்சத்தை மழைக்காலத்துக்கென்று மேலே கொண்டுபோய்ச் சேமித்திருக்கிறார்கள்.

“எலி,” என்றார் பேச்சிராஜ். “தண்ணி இல்ல. ஜன்னல் இல்ல. கம்பளி போச்சு, தோல் போச்சு, மரம் நிக்கி, இரும்பு நிக்கி. புதுக் கம்பளி சுத்தினா பாடும்.”

ராஜதுரை அதைக் கேட்கவில்லை. அவர் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பார்த்தீர்களா? களவு அரிசி. மூட்டையாகவே. ஜெயசிங், இனி நீ என்ன சொல்லப்போகிறாய்?”

ஜெயசிங் பேச்சிராஜைப் பார்த்தார். பேச்சிராஜ் ஒரு முறுக்கை எடுத்து, உடைத்து, பாதியை ஜாய்லினிடம் கொடுத்தார்.

“கமிட்டிக்கு ரிப்போர்ட் தெளிவா இருக்கணும்லா,” என்றார். “ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். இதுக்கு இன்னொரு சாவி உண்டா?”

“கிடையாது. ஒரே சாவி.”

“பூட்டை நெம்பின தடம் இருக்கான்னு பாரு மக்கா.”

ஜாய்லின் டார்ச் அடித்துப் பார்த்தாள். “கீறல்கூட இல்ல அண்ணாச்சி. கன்னிப் பூட்டு.”

“அப்போ சாவியை எப்பவாவது இவருகிட்ட குடுத்திருப்பீரு. தொடைக்கதுக்கு. இல்ல எங்கயாவது மறந்து வச்சிருப்பீரு. வயசு ஆவுதுல்லா.”

அந்த ‘வயசு ஆவுதுல்லா’வுக்கு ராஜதுரை நிமிர்ந்த வேகத்தில் பச்சை பெல்ட் ஒருமுறை கிறீச்சிட்டது. “நானா? மறந்தா? இந்தச் சாவி நான் செயலாளர் பொறுப்பேற்ற நாளிலிருந்து என் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. ஒருவர் கையிலும் கொடுத்ததில்லை. ஆலய வளாகத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எழுதிக்கொள்ளுங்கள்.”

“எழுதிக்கிட்டாச்சு,” என்றாள் ஜாய்லின், முறுக்கைக் கடித்தபடி.

பேச்சிராஜ் தலையாட்டினார். “சரி. பூட்டு நெம்பலை. சாவி ஒண்ணுதான். அது உம்ம இடுப்பை விட்டு இறங்கலை. பை உள்ள இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னார். டீயை எடுத்து ஊதினார்.  ராஜதுரை எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லப்போகிற வாக்கியம் எந்தப் பக்கம் போய் முட்டும் என்று பார்த்து, நிறுத்தினார். வேறொன்றை எடுத்தார். அதையும் நிறுத்தினார். நீண்ட சர்வீஸில் அவர் எத்தனையோ பேரை இப்படி ஒரு மூலைக்குள் நிறுத்தியிருப்பார். மூலை உள்ளேயிருந்து எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது.

“ஏய், என்னவே இது?” என்றார் கடைசியில். அலுவலகத் தமிழ் கழன்று கீழே விழுந்துவிட்டது. “நானா அரிசி திருடுதேன்? எனக்கு என்னத்துக்குவே அரிசி?”

“உமக்குன்னு நான் சொல்லலையே. பையைப் பாரும்.”

ஜாய்லின் பையை விரல் நுனியால் தூக்கி வெளியே வைத்தாள். தூசியைத் தட்டியதும், பழைய சேலையில் தைத்த பை என்று தெரிந்தது. கருஞ்சிவப்பு. எல்லார் கண்ணும் அந்தப் பையிலிருந்து, முறுக்குத் தட்டைப் பிடித்திருந்தவரின் சேலைக்குப் போய், அங்கேயே நின்றது.

“சங்கத்துச் சேலை எல்லா பொம்பளைகிட்டயும் இருக்கு,” என்றார் ராஜதுரை, தப்பிக்க ஒரு ஜன்னல் கிடைத்த அவசரத்தில்.

“இருக்குய்யா,” என்றாள் ஜாய்லின். “ஆனா உங்க பெல்ட் ஒரு வீட்லதான் இருக்கு.”

சுந்தரபாய் தட்டை ஸ்டூலில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, கணவரைப் பார்த்தார்.

“இடுப்பை விட்டு இறங்கலைன்னு சொல்லுதீங்களே. பெல்ட்டோடயா குளிக்கீங்க?”

ராஜதுரையின் கை தானாக இடுப்புக்குப் போனது.

“ஆணியிலதான தொங்கும். நீங்க குளிச்சிட்டு வார நேரத்துக்குள்ள நான் கோயிலுக்கு வந்துட்டுப் போயிருவேன். நீங்க ரெண்டு சங்கீதம் பாடாம வெளிய வர மாட்டீங்க.” பேச்சிராஜிடம் திரும்பினார். “திருடலைங்க. எடை போடாத மாசத்துல வார அரிசியில கொஞ்சம் எடுத்து ஒதுக்கிவப்பேன். பண்டிகை மாசம்தான் எடை போட்டுக் கேடயம் குடுப்பாங்க. அன்னைக்கு இதையும் சேத்துக் கொட்டிட்டா நம்ம சங்கம் மத்த ஊர்ச் சங்கங்களை முந்திரும். அரிசி எல்லாம் கடைசியில ஆண்டவருக்குத்தான போவுது. மாசம்தான் மாறுது.”

“வீட்ல வச்சிருக்கலாம்லாம்மா,” என்றாள் ஜாய்லின்.

“வீட்ல வச்சா இவரு விசாரணை வப்பாரு. ஸ்டோர் ரூம்ல வச்சா மத்தவங்க பாப்பாங்க. நம்ம கோயில்ல யாரும் தொடாத இடம் இது ஒண்ணுதான். அட்டையே போட்டிருக்குல்லா.”

“எலியைப் பாத்தப்பவே சொல்லியிருக்கலாம்லா?” ராஜதுரையின் குரல் கீச்சென்று வந்தது. “நான் ஊரெல்லாம் தண்ணி, தண்ணின்னு…”

“நான் எங்க எலியைப் பாத்தேன்? தண்ணின்னு நீங்கதான சொன்னீங்க. நீங்க சொன்னா எப்பவும் சரியாத்தான இருக்கும்னு நானும் நம்பிட்டேன். அரிசி நனைஞ்சிருக்குமேன்னுதான் கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன்.” பிறகு ஜெயசிங்கின் பக்கம் பார்க்க முயன்று, அவருடைய காலைப் பார்த்தார். “வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாருன்னு நினைக்கலை ஜெயசிங். ஒரு மெமோவோட விட்டுருவாருன்னு நினைச்சேன். நேத்து தெரிஞ்சதுல இருந்து எனக்குச் சோறு எறங்கலை.”

 ஜெயசிங் சுவரில் சாய்ந்துகொண்டார். இவ்வளவு நேரமும் சாயாமலே நின்றிருக்கிறார் என்பது அப்போதுதான் ஜாய்லினுக்குப் பட்டது.

பேச்சிராஜ் டம்ளரை வைத்தார். “என் ரிப்போர்ட் பாண்டியராஜனுக்குத்தான். அதுல எலின்னு இருக்கும், தண்ணி இல்லன்னு இருக்கும், ஜன்னல் மேல குத்தம் இல்லன்னு இருக்கும். எலிக்கு யாரு சோறு போட்டாங்கிறது பியானோ சம்பந்தப்பட்டது இல்ல. ஆனா கமிட்டியில ஜெயசிங் பேரு வந்தா, பொறவு அதையும் எழுதவேண்டி வரும்.”

“இவரு பேசுறதை நான் பாத்துக்கிடுதேன்,” என்றார் சுந்தரபாய். “கேடயத்தையும் சங்கத்துல சொல்லித் திருப்பிக் குடுத்துருதேன். எப்படியும் இந்த வருசம் கெடைக்கப்போறதில்ல. எலி தின்னுட்டு.”

ராஜதுரை மணிக்கயிற்றைப் பார்த்தார். கமிட்டிக்கு மணியடிக்கிற நேரம். வாசலோரம் கயிறு, யாருக்கும் எட்டாதபடி உயரத்தில் ஆணியில் சுற்றியிருந்தது. பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

“ஏலே ஜெயசிங். மணியாச்சுல்லா.”

“ஆமாய்யா.”

“போய் அடி.”

ஜெயசிங் நகரவில்லை. “அடிக்கக்கூடாதுன்னு மெமோ குடுத்திருக்கீங்கய்யா.”

அவர் கிண்டலாகச் சொன்னாரா, பயந்து சொன்னாரா என்று ஜாய்லினால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. துப்பறியும் தொழிலில் இப்படிச் சில விஷயங்கள் தங்கிப்போகும்.

“மேற்படி மெமோ…” என்று ஆரம்பித்தார் ராஜதுரை. மேற்கொண்டு வரவில்லை. “மெமோவைத் தூக்கிக் குப்பையில போடுலே. போய் அடி.”

*

ஸ்கூட்டரைக் கிளப்புவதற்குள் பாண்டியராஜன் கூப்பிட்டுவிட்டார். பேச்சிராஜ் போனை ஜாய்லினிடம் கொடுத்தார். அன்றைய பேச்சு அவருக்குத் தீர்ந்துபோயிருந்தது.

“என்ன, வாங்கலாமா?”

“வாங்கலாம் அண்ணாச்சி. தண்ணி போகலை. சுத்தியலுக்குக் கம்பளி மாத்தணும், சுருதி சேக்கணும். மகாராணி குடுத்ததுன்னு சொன்னா மட்டும் நம்பாதீங்க. அப்புறம், உள்ள கொஞ்சம் பேரு குடியிருக்காங்க. காலி பண்ணிட்டுத்தான் தருவாங்க.”

“குடியிருக்காங்களா? யாரு, அந்தக் கோயில்குட்டியாரா? காலி பண்ணச் சொல்லப்போறாங்கன்னு கேள்விப்பட்டேனே.”

“அவரு இல்ல, எலி,” என்றாள் ஜாய்லின். “கோயில்குட்டியாரு வீட்ல வெள்ளையடிச்சுக்கிட்டு இருக்காங்க.”

பின்னால் மணி அடித்தது. ராஜதுரை அடித்த நாட்களைப்போலத் தடுமாறாமல், இடைவெளி பிசகாமல். எதிர்த்த டீக்கடையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் மூக்காண்டி நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஸ்டூலில் ஏறி முள்ளைத் திருத்தினார்.

“என்னது சத்தம்?” என்றது போன். “பியானோவா?”